தூக்கக் கருவி வந்தாயிற்று, பில்லும் வந்தாயிற்று

இந்த அத்தியாயம் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு. ஸ்லீப் ஆப்னியா இருப்பது பரிசோதனையில் தெரிந்துவிட்டது, சீபாப் கருவிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். நோயைப் பற்றி இங்கே பேச்சில்லை, பணத்தைப் பற்றி மட்டும்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீபாப் பில் தகராறுகளில் பல, கருவியைக் கொண்டுவந்து தந்த நாளில் படிக்காமல் போட்ட கையெழுத்திலிருந்து கிளம்புபவை. ஆகவே பில் வந்த பிறகு செய்யவேண்டியதைவிட, பெட்டி வருவதற்கு முன் செய்யவேண்டியதற்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பில் எங்கிருந்தெல்லாம் வரும்

பரிசோதனைக்கு ஒரு பில், அதைப் படித்து அறிக்கை எழுதிய டாக்டருக்கு ஒரு பில், கருவிக்கு ஒரு பில், மாஸ்க், டியூப், ஃபில்டர் வகையறாவுக்கு அவ்வப்போது ஒரு பில். முதல் இரண்டும் ஒருமுறையோடு முடிந்துவிடும். தொல்லை கொடுப்பவை பின்னிரண்டும்தான். இவை ஆஸ்பத்திரியிலிருந்தோ டாக்டரிடமிருந்தோ வருவதில்லை. டிஎம்இ கம்பெனி என்று சொல்லப்படும் மருத்துவக் கருவி சப்ளையரிடமிருந்து வருகின்றன. டாக்டர் உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கிறார் என்பதால் அவர் அனுப்பிவைக்கும் சப்ளையரும் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். அதைத் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டி வருவதற்கு முன்

1. டாக்டர் ஆபீஸிலிருந்து மூன்று காகிதங்களின் நகலை வாங்குங்கள்: தூக்கப் பரிசோதனை அறிக்கை, கருவிக்கான மருந்துச்சீட்டு, டாக்டர் உங்களைப் பார்த்து எழுதிய குறிப்பு. அறிக்கையில் ஏஹெச்ஐ என்ற எண் இருக்கும். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்பதன் கணக்கு அது. முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில், இந்த எண் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் கருவி கிடைக்கும். 5 முதல் 14 வரை என்றால் கூடவே பகல் தூக்கம், ரத்த அழுத்தம், இதய நோய், முன்பு பக்கவாதம் வந்தது போன்ற ஏதாவது ஒன்று டாக்டரின் குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன. உங்கள் எண் 9 ஆக இருந்து, குறிப்பில் ரத்த அழுத்தம் என்ற வார்த்தையே இல்லையென்றால் மறுப்பு வரக்கூடும். அதை இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

2. இன்சூரன்ஸ் அட்டையின் பின்புறம் உள்ள நம்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். "ஈ0601 குறியீட்டுக்கு முன் அனுமதி வேண்டுமா? என் நெட்வொர்க்கில் உள்ள டிஎம்இ சப்ளையர்கள் யார்? வாடகையா, விலைக்கா? வாடகை என்றால் எத்தனை மாதம்?" இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள் (ஈ0601 என்பது பில்லில் சீபாப் கருவிக்கான குறியீடு). பேசியவர் பெயர், தேதி, அந்த அழைப்பின் ரெஃபரன்ஸ் நம்பர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸ் நம்பர் இல்லாத பேச்சு பின்னால் செல்லாக்காசு.

3. சப்ளையரிடம் மொத்தத் தொகையைக் கேளுங்கள். "மாதம் எவ்வளவு?" என்று கேட்டால் சிறிய எண்ணாகச் சொல்வார்கள், மனசும் சமாதானமாகிவிடும். "எல்லா மாதமும் சேர்த்து என் கையிலிருந்து எவ்வளவு?" என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள், ஈமெயில் போதும்.

4. இன்சூரன்ஸ் இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை என்று ஒரு பார்வை பாருங்கள். அதிக டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நீங்களே கட்டவேண்டிய தொகை) உள்ள திட்டங்களில், 13 மாத வாடகையில் நீங்கள் கொடுப்பது ரொக்க விலையைத் தாண்டிவிடுவது உண்டு. மருந்துச்சீட்டு எப்படியும் வேண்டும். ஹெச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ என்ற மருத்துவச் செலவுக் கணக்குகளில் உள்ள பணத்தை இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு குறை உண்டு: இன்சூரன்ஸுக்கு வெளியே கொடுத்த பணம் பெரும்பாலும் டிடக்டிபிளில் சேராது.

5. டெலிவரி நாளில் நீட்டும் காகிதங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கொண்டுவருபவர் அவசரத்தில் இருப்பார், இருக்கட்டும். "இன்சூரன்ஸ் கொடுக்காத எதையும் நான் கொடுப்பேன்" என்ற வரி அநேகமாக எல்லாப் படிவத்திலும் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. தானாகவே சப்ளை அனுப்பச் சம்மதிக்கும் கட்டம் இருந்தால் அதை மட்டும் டிக் செய்யாமல் விடுங்கள். மெடிகேர் உள்ளவர்களிடம் ஏபிஎன் என்றொரு படிவம் கொடுத்தால் நின்று கவனியுங்கள். மெடிகேர் இதற்குப் பணம் தராமல் போகலாம், அப்போது நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஏன் தராது என்ற காரணமும் உத்தேசத் தொகையும் அதில் நிரப்பியிருக்க வேண்டும்.

வாடகைக் கணக்கு

மெடிகேரில் கருவி 13 மாதம் வாடகையில் இருக்கும், அதன் பிறகு உங்களுக்கே சொந்தம். முதல் மூன்று மாதம் கருவியின் விலையில் 10 சதவீதம் வீதமும், அடுத்த பத்து மாதம் 7.5 சதவீதம் வீதமும் வாடகை. கூட்டினால் 105 சதவீதம். அதில் 20 சதவீதம் உங்கள் பங்கு, பார்ட் பி டிடக்டிபிள் கட்டி முடித்த பிறகு. 2025இல் அந்த டிடக்டிபிள் 257 டாலராக இருந்தது. தனியார் திட்டங்களில் 10 மாதம், 13 மாதம் என்று மாறும். சிலர் முதல் மூன்று மாதம் வாடகைக்குக் கொடுத்துவிட்டு மீதியை ஒரே பில்லாக விலைக்குப் போடுவார்கள்.

இதில் ஜனவரி மாதம்தான் பலரையும் கவிழ்க்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் டிடக்டிபிள் 1,500 டாலர், அதன் பிறகு 20 சதவீதம் உங்கள் பங்கு. கருவியின் மாத வாடகையாக இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்ட தொகை 75 டாலர். அக்டோபரில் கருவி வருகிறது. அந்த வருடம் வீட்டில் ஒரு ஆபரேஷன் நடந்ததால் டிடக்டிபிள் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மாதம் 15 டாலர், மொத்தம் 45. ஜனவரி பிறந்ததும் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வேறு செலவு எதுவும் இல்லையென்றால் ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை மாதம் முழு 75 டாலரும் உங்களுடையது, அது 750. ஆக 795 டாலர். அதே கருவியை டிசம்பருக்குள் விலைக்கு வாங்க உங்கள் திட்டம் அனுமதித்து, ஒப்புக்கொண்ட விலை 900 என்றால், உங்கள் பங்கு 180 டாலர் மட்டும். சப்ளையர் இதைத் தானாக எடுத்துச் சொல்லமாட்டார். வருடக் கடைசியில் கருவி வாங்குபவர்கள் "விலைக்கு வாங்க என் திட்டத்தில் இடமுண்டா?" என்று கேட்டே தீர வேண்டும்.

வேலை மாறுபவர்களுக்கு இன்னொரு பொறி. வாடகை ஏழாவது மாதத்தில் இருக்கும்போது கம்பெனி மாறி இன்சூரன்ஸும் மாறினால், புது இன்சூரன்ஸ் முதல் மாதத்திலிருந்து எண்ணத் தொடங்கலாம். அறிக்கை, மருந்துச்சீட்டு, பயன்பாட்டுத் தரவு எல்லாவற்றையும் மறுபடி கேட்கலாம். வேலை மாறும் தேதி தெரிந்தவுடன் சப்ளையரை அழைத்து, மீதியைக் கொடுத்துக் கருவியைச் சொந்தமாக்கிக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பல சமயம் அதுவே மலிவு.

முதல் 90 நாள்

பில்லோடு இதற்கென்ன சம்பந்தம் என்று தோன்றும். நேரடிச் சம்பந்தம் உண்டு. கருவிக்குள் இருக்கும் மோடம் நீங்கள் தினமும் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள் என்பதை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மெடிகேர் விதி இது: முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான ஏதாவது ஒரு 30 நாளில், 70 சதவீத இரவுகள், அதாவது 21 இரவுகள், குறைந்தது 4 மணி நேரம் கருவி ஓடியிருக்க வேண்டும். அத்துடன் 31ஆம் நாளுக்கும் 91ஆம் நாளுக்கும் இடையில் டாக்டரைப் பார்த்து, பலன் இருக்கிறது என்று அவர் எழுதியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் நான்காவது மாதத்திலிருந்து பணம் நின்றுவிடும். தனியார் கம்பெனிகள் பலவும் இதையொட்டியே விதி வைத்திருக்கின்றன.

செய்யவேண்டியவை:

1. கருவி வந்த அன்றே, 31ஆம் நாளுக்குப் பிந்தைய தேதியில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். தூக்க மருத்துவர்களிடம் இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். 80ஆம் நாள் நினைவு வந்து போன் செய்தால் கிடைக்காது. 25ஆம் நாள் போய்வந்தாலும் கணக்கில் வராது.

2. கருவியோடு வரும் செயலியில் தினமும் மணி நேரத்தைப் பாருங்கள். நடுவில் எழுந்து கழற்றி மறுபடி மாட்டினாலும் இரண்டையும் கூட்டிக்கொள்ளும்.

3. முதல் மாதம் மாஸ்க் ஒத்துவராமல் வீணாகிவிட்டால் பதறவேண்டாம். எந்த 30 நாளாக இருந்தாலும் சரி என்பதுதான் விதி. ஆனால் மாஸ்க்கை மாற்றித் தரச் சொல்லி உடனே கேளுங்கள். முதல் 30 நாளில் கட்டணமில்லாமல் மாற்றித் தரும் சப்ளையர்கள் உண்டு.

4. இந்த மூன்று மாதத்துக்குள் ஊருக்குப் போவதாக இருந்தால் கருவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவக் கருவி என்பதால் விமான நிறுவனங்கள் அதைக் கைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் அடாப்டரா என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மோடம் இணையாமல் போகலாம். கருவியில் எஸ்டி கார்டு இருந்தால் தரவு அதில் பதிவாகும். திரும்பி வந்ததும் சப்ளையரிடம் கொடுத்துப் பதிவேற்றச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் போகும்போது கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்வதைவிட வேகமாகக் கருவிக்கான இன்சூரன்ஸ் பணத்தை இழக்க வழியில்லை.

குறியீடுகள்

பில்லில் பெயரைவிடக் குறியீடு முக்கியம். கருவி ஈ0601. பைபாப் என்றால் ஈ0470. சூடாக்கும் ஈரப்பதக் கலம் ஈ0562. கருவிக்குள்ளேயே இருக்கும் கலத்துக்குத் தனிப் பில்லா என்று கோபம் வரும். ஆனால் அது சரியான வரிதான், இரட்டை பில் இல்லை. அதேபோல முழு முக மாஸ்க் ஏ7030, அதன் தலைப்பட்டை ஏ7035. இரண்டும் ஒரே பாக்கெட்டில் வந்தாலும் இரண்டு வரிகளாகத்தான் போடுவார்கள்.

குறியீட்டின் வாலில் இரண்டெழுத்து ஒட்டியிருக்கும். ஆர்ஆர் என்றால் வாடகை, என்யூ என்றால் புதிதாக விலைக்கு. விலைக்கு வாங்கினேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பில்லில் ஆர்ஆர் இருந்தால் உடனே போன் செய்யுங்கள். கேஎக்ஸ் என்பது மெடிகேர் நிபந்தனைகள் நிறைவேறின, ஆதாரம் கையில் இருக்கிறது என்று சப்ளையர் சொல்வது. அந்த இரண்டெழுத்து விடுபட்டதாலேயே மறுக்கப்படும் கிளெய்ம்கள் உண்டு. திருத்தி அனுப்பினால் பணம் வந்துவிடும். நோய்க்கான குறியீடு ஜி47.33. வேறு எண் இருந்தால் டாக்டர் ஆபீஸில் கேளுங்கள்.

பில்லைச் சரிபார்க்கும் முறை

1. பில் வந்ததும் பணம் கட்டாதீர்கள். இன்சூரன்ஸிலிருந்து இஓபி, அதாவது யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விளக்கத் தாள், வரும்வரை பொறுங்கள். இது பில் அல்ல என்று அதில் அச்சிட்டிருப்பதால் பலர் பிரிக்காமலேயே போட்டுவிடுகிறார்கள். உங்களைக் காப்பாற்றும் காகிதமே அதுதான்.

2. சேவைத் தேதி, குறியீடு, எண்ணிக்கை மூன்றும் பில்லிலும் இஓபியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பெட்டியில் இருந்ததோடும் ஒப்பிடுங்கள்.

3. இஓபியில் நான்கு எண்கள்: சப்ளையர் போட்ட தொகை, இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்ட தொகை, இன்சூரன்ஸ் கொடுத்தது, உங்கள் பங்கு. சப்ளையர் 250 போட்டு, ஒப்புக்கொண்டது 75 என்றால், நெட்வொர்க்கில் உள்ள சப்ளையர் நடுவில் உள்ள 175ஐ உங்களிடம் கேட்கக் கூடாது, அதை அவர் கழித்துவிட வேண்டும். கேட்டால் இஓபியின் நகலை அனுப்புங்கள், பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

4. உங்கள் பங்கு என்று இஓபியில் உள்ள தொகைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

5. தகராறு இருந்தால் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வசூல் கம்பெனிக்கு அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டலுக்கு அஞ்சி அவசரப்பட வேண்டாம். மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் 500 டாலருக்குக் கீழ்ப்பட்ட மருத்துவக் கடனை 2023 ஏப்ரலிலிருந்து அறிக்கையில் காட்டுவதில்லை. அதற்கு மேற்பட்டதையும் ஒரு வருடம் கழித்துத்தான் காட்டுகின்றன.

மெடிகேர் உள்ளவர்களுக்கு: சப்ளையர் "அசைன்மென்ட்" ஏற்பவரா, அதாவது மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகையையே முழு விலையாக ஏற்பவரா என்று கேளுங்கள். டாக்டர்களுக்கு மெடிகேர் தொகைக்கு மேல் எவ்வளவு வாங்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. கருவி சப்ளையர்களுக்கு அந்த வரம்பு கிடையாது. அசைன்மென்ட் ஏற்காதவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

பெட்டி பெட்டியாக வரும் சப்ளை

மெடிகேர் ஒப்புக்கொள்ளும் உச்ச அளவு இது: மாஸ்க் 3 மாதத்துக்கு 1, முழு முக மாஸ்க்கின் குஷன் மாதம் 1, மூக்கு குஷன் மாதம் 2, டியூப் 3 மாதத்துக்கு 1, தலைப்பட்டை, தண்ணீர்க் கலம் 6 மாதத்துக்கு 1, தூக்கிப்போடும் ஃபில்டர் மாதம் 2. இது உச்சவரம்பு. இவ்வளவு வாங்கியே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சப்ளையரைத் தவிர. தலைப்பட்டை நன்றாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மெடிகேரில் உங்களைக் கேட்காமல் தானாக அனுப்பவே கூடாது. தனியார் திட்டத்தில் தானாக வரும் ஏற்பாட்டுக்குச் சம்மதித்திருந்தால் எழுத்தில் ரத்து செய்யுங்கள். கேட்காத பெட்டி வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவுக்காகப் பேசுபவர்கள்

விசிட்டர் இன்சூரன்ஸில் பழைய நோய்க்குப் பொதுவாக இடமில்லை. ஊரிலிருந்து வரும்போதே கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிரீன் கார்டோடு இங்கே 5 வருடம் தொடர்ந்து இருந்த, 65 வயதான பெற்றோர் பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம். பழைய கருவியோடு சேர்ந்தால், முந்தைய பரிசோதனை அறிக்கையும், சேர்ந்த பிறகு டாக்டரைப் பார்த்து எழுதிவாங்கிய குறிப்பும் தேவைப்படும். அவர்கள் சார்பில் நீங்கள் பேச, தகவல் தர அனுமதிக்கும் படிவத்தில் அவர்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மெடிகேரை அழைக்கும்போது மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. ஷிப் என்ற மெடிகேர் ஆலோசனைச் சேவையும் மாநிலந்தோறும் இலவசமாக உண்டு.

பில்லுக்குப் பயந்து செய்யக் கூடாதவை

கருவியைக் கழற்றி மூலையில் வைப்பதுதான் முதல் தவறு. வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், பயன்பாடு குறையும், அதைக் காட்டியே மறுப்பு வரும். உடம்புக்கும் கேடு. ஆப்னியாவுக்குச் சிகிச்சை இல்லாமல் காலையில் காரை எடுப்பது ஆபத்து.

டாக்டரிடம் பேசாமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். மெடிகேரில் முதல் மூன்று மாதத் தேர்வில் தவறிவிட்டு மறுபடி வேண்டுமென்றால், டாக்டரைப் பார்த்து, இந்த முறை ஆஸ்பத்திரி அல்லது தூக்க ஆய்வகத்திலேயே படுத்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்படியும் திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால், வாங்கிக்கொண்ட தேதியோடு சீரியல் நம்பர் போட்ட ரசீது வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வாடகை பில் நிற்காது.

மலிவென்று பழைய கருவியை முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது, உள்ளே இருந்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் கலக்கும் அபாயத்தால். அவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வரலாம். நண்பர் கொடுத்த மாஸ்க்கையும் சும்மா மாட்டிக்கொள்ளாதீர்கள். சில மாஸ்க் கொக்கிகளில் காந்தம் இருக்கிறது, பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அது ஆகாது, பக்கத்தில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் ஆகாது.

மறுத்துவிட்டால்

1. மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தைப் படியுங்கள். காகிதம் குறைந்தது, குறியீடு பிழை, முன் அனுமதி இல்லை என்றிருந்தால் அப்பீலுக்குப் போகாதீர்கள். சப்ளையரைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் விரைவு.

2. மருத்துவத் தேவை இல்லை, பயன்பாடு போதவில்லை என்றிருந்தால் அப்பீல். பரிசோதனை அறிக்கை, பயன்பாட்டு அறிக்கை, டாக்டரின் ஒரு பக்கக் கடிதம் மூன்றையும் இணையுங்கள். உங்கள் கஷ்டத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. எந்த விதியைச் சொல்லி மறுத்தார்களோ அந்த விதிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

3. கெடு: மெடிகேரில், மறுப்பைச் சொல்லும் அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 120 நாள். பெரும்பாலான தனியார் திட்டங்களில் மறுப்பு வந்ததிலிருந்து 180 நாள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது ஃபேக்ஸ் சென்றதற்கான தாளை வைத்திருங்கள்.

4. மருத்துவத் தேவை இல்லை என்று தனியார் திட்டம் இரண்டாம் முறையும் கைவிரித்தால், இறுதி மறுப்புக்குப் பின் 4 மாதத்துக்குள் வெளி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர் காகிதங்களைப் பார்த்து முடிவு சொல்வார். அவர் உங்கள் பக்கம் சொன்னால் கம்பெனி பணம் கொடுத்தே ஆக வேண்டும்.